ஸ்லோவேனியாவில் வாடகைக் கார் எடுப்பவர்கள் கவனத்துக்கு

ஊர் திரும்பிப் பன்னிரண்டாம் நாள் என் கிரெடிட் கார்டிலிருந்து 640 யூரோ போயிருந்தது. லியுப்லியானா விமான நிலையத்தில் எங்களுக்குக் கார் கொடுத்த நிறுவனம் எடுத்திருக்கிறது. இடது பின்சக்கரத்தின் அலாய் விளிம்பில் கீறலாம். அதை நாங்கள் போடவில்லை.

போன செப்டம்பரில் நானும் மனைவியும் ஆறு நாள் அங்கே சுற்றினோம். ஷ்கோஃப்யா லோகா, இத்ரியா, கோபரித் என்று சின்ன ஊர்களாகப் பார்க்க ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோபரித் இருக்கும் சோச்சா பள்ளத்தாக்குக்குப் பேருந்து மிகக் குறைவு என்பதால்தான் கார் எடுத்தோம். அந்த நாட்டு மக்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோபரித்தில் தங்கிய வீட்டு அம்மா கிளம்பும்போது ஒரு பை நிறையப் பேரிக்காய் கொடுத்து அனுப்பினார்.

கவுன்ட்டரில்தான் ஆரம்பித்தது. கார் சேதமானால் நாம் கட்ட வேண்டிய பங்குத் தொகை 1,200 யூரோ, அதைக் கார்டில் முடக்கி வைப்போம் என்றார்கள். அந்தத் தொகைக்கு நான் முன்பே இணையத்தில் தனி இன்சூரன்ஸ் வாங்கியிருந்தேன். "அது இங்கே செல்லாது, எங்களுடையதை எடுங்கள்" என்று அரை மணி நேரம் வற்புறுத்தினார்கள். செல்லாது என்பது சரியல்ல. முதலில் நாம் கட்டிவிட்டு, பிறகு நம் இன்சூரன்ஸில் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளியே தூறல், இருட்டு. காரைச் சுற்றி வீடியோ எடுத்தேன், ஆனால் சக்கரங்களில் கேமரா நிற்கவில்லை. நான் செய்த பெரிய தவறு அது.

வ்ர்ஷிச் கணவாய் வழியாகத்தான் திரும்பினோம். 1,611 மீட்டர் உயரம், 50 கொண்டை ஊசி வளைவுகள், கிரான்ஸ்கா கோரா பக்கம் இறங்கும் வளைவுகளில் கல் பாவிய தரை. ஊர்ந்துதான் இறங்கினேன். கீழே நிறுத்தி நாலு சக்கரத்தையும் குனிந்து பார்த்தோம். புதிதாக எதுவும் இல்லை. படம் எடுக்கத்தான் தோன்றவில்லை.

விமானம் அதிகாலையில். அலுவலகம் பூட்டியிருந்ததால் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். ஊழியர் வந்து காரைப் பார்க்கும்வரை பொறுப்பு நம்முடையது என்று ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதை நான் படித்தது பணம் போன பிறகுதான்.

கேட்டதற்கு, மலைப்பாதையில் உரசியிருக்கும் என்று எழுதி, தேதியில்லாத ஒரே ஒரு படம் அனுப்பினார்கள். என் இன்சூரன்ஸ்காரர்களோ பழுது பார்த்த பில் கேட்கிறார்கள். நிறுவனம் தந்தது உத்தேச மதிப்பீடு மட்டும். வங்கியில் புகார் கொடுத்தேன், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள்.

எடுக்கும்போதும் விடும்போதும் நாலு சக்கரம், கண்ணாடி, முன்பக்க அடிப்பாகம் எல்லாவற்றையும் நேரம் தெரியும்படி படம் எடுங்கள். பழைய கீறல் எதுவானாலும் அவர்கள் தாளில் குறிக்க வைத்து, அப்புறம் சாவியை வாங்குங்கள். அதிகாலை விமானம் என்றால் முந்தின மாலையே காரை விட்டுவிட்டு, ஊழியர் பார்த்துக் கையெழுத்திட்ட தாளோடு வாருங்கள். ஒரு நாள் வாடகை வீணானாலும் பரவாயில்லை.

பழுது பார்த்த பில்லைக் கேட்டு மூன்று கடிதம் போட்டுவிட்டேன். இதுவரை பதில் இல்லை.