மெயில்-இன்-எ-பாக்ஸ்: சின்ன ஆபீசுக்குச் சொந்த மெயில் சர்வர் சரிப்படுமா?

எங்களுடையது எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ். தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டிவந்த மெயில் சேவையை விட்டுவிட்டு மெயில்-இன்-எ-பாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாறிக் கொஞ்ச காலம் ஆகிறது. மென்பொருளில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சொந்த மெயில் சர்வர் என்றால் மென்பொருள் கால்வாசிதான், மீதி முக்கால்வாசி உங்கள் ஐபி முகவரிக்கு, அதாவது இணையத்தில் உங்கள் சர்வரின் எண்ணுக்கு, மற்ற மெயில் நிறுவனங்களிடம் என்ன பேர் இருக்கிறது என்பதுதான். இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை.

ஜோஷுவா டாபெரர் என்பவர் 2013-இல் தொடங்கிய திட்டம் இது. உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் மட்டும் போட்ட, வாடகைக்குக் கிடைக்கும் வெற்று கிளவுட் மெஷின் ஒன்று, 1 ஜிபி ராம் இருந்தால் போதும். ஒரே வரிக் கட்டளை, இரண்டு மூன்று கேள்விகள், அப்புறம் அது பாட்டுக்கு மெயில் அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துத் தர டவ்காட், பிரௌசரில் படிக்க ரவுண்ட்கியூப், ஸ்பாம் வடிகட்டி, காலண்டருக்கு நெக்ஸ்ட்கிளவுட், இணைப்பைப் பாதுகாக்க லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் போட்டு முடித்துவிடும். டொமைன் பேருக்கு எந்த மெஷின் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸையும் தானே பார்த்துக்கொள்வதால், மெயில் நிஜமாகவே நம் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகளை நாம் கையால் எழுத வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் யார் மெயில் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வேண்டும் என்று கறாராகக் கேட்கிறது, ஒரு நாளில் 5,000 மெயிலைத் தாண்டுகிறவர்களுக்கு மூன்றுமே வேண்டும், அதனால் இது சும்மா வசதிக்குச் சொல்வதல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது நிர்வாகப் பக்கத்தில் உள்ள நிலைச் சோதனைப் பட்டியல். சரியாக இருப்பதெல்லாம் பச்சை, தப்பாக இருப்பது சிவப்பு, பக்கத்திலேயே எங்கே போய் எதை மாற்ற வேண்டும் என்று முழு வாக்கியத்தில் எழுதியிருக்கும். எங்களுக்குக் கடைசி வரை சிவப்பாக நின்றது ரிவர்ஸ் டிஎன்எஸ், அதாவது ஐபியைக் கொடுத்தால் அது எந்தப் பேருக்குரியது என்று சொல்லும் பதிவு. அது டொமைன் வாங்கிய இடத்தில் இல்லை, மெஷின் வாடகைக்குத் தருகிறவரின் கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது.

ஆபீஸ் பிராட்பேண்டிலேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து ஓட்டிவிடலாமே என்று கேட்காதீர்கள். பெரும்பாலான இணைப்புகளில் சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் அனுப்பும் வழியான 25-ஆம் போர்ட் அடைத்திருக்கும், ஐபி மாறிக்கொண்டே இருக்கும், ரிவர்ஸ் டிஎன்எஸ் கிடைக்காது, அதோடு அந்த வகை முகவரிகளை, ஸ்பாம் அனுப்பும் ஐபிகளுக்குத் தடைப் பட்டியல் போடும் ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பு தனிப் பட்டியலே போட்டு வைத்திருக்கிறது. கிளவுட்காரர்களிலும் பலர் 25-ஐ அடைத்தே தருகிறார்கள், பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

கிடைக்கிற ஐபியும் புத்தம் புதிதல்ல. முன்னால் குடியிருந்தவர் ஊரெல்லாம் கடன் வைத்துவிட்டுப் போன வீட்டுக்குக் குடிபோனது போல, யாரோ அனுப்பிய ஸ்பாமுக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். எங்கள் முகவரி எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை, எல்லாப் பச்சையும் எரிகிறது, ஆனாலும் ஒரு பெரிய மெயில் நிறுவனத்தின் பயனர்களுக்கு நாங்கள் அனுப்பியதெல்லாம் பல வாரம் ஸ்பாம் பெட்டிக்குத்தான் போனது. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நேரத்தில் கிளையண்ட் போன் போட்டு "மெயிலே வரலையே சார்" என்றால் எப்படி இருக்கும்? ஆகவே மெஷின் எடுத்ததும் முதல் வேலையாக ஐபியை ஸ்பாம்ஹாஸில் தேடிப் பாருங்கள், கறை இருந்தால் அந்த மெஷினை அழித்துவிட்டு வேறொன்று எடுங்கள்.

இதில் உள்ள கிரேலிஸ்டிங் என்ற ஸ்பாம் தடுப்பு இன்னொரு தொல்லை. முன்பின் தெரியாத சர்வரிலிருந்து வரும் முதல் மெயிலை "கொஞ்சம் கழித்து வா" என்று திருப்பி அனுப்பும். ஸ்பாம் நன்றாகக் குறைகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஓடிபி காலாவதியான பிறகுதான் வந்து சேர்கிறது.

வெப்சைட்டுக்கு இதை நம்பாதீர்கள். முகவரி, போன் நம்பர் போட்ட சாதாரண எச்டிஎம்எல் பக்கம் என்றால் அழகாக ஓடும், வேர்ட்பிரஸ் எல்லாம் இதில் கிடையாது. உள்ளே நோண்டி மாற்ற நினைப்பவர்களுக்காக இதைச் செய்யவில்லை என்று இந்தத் திட்டக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். உபுண்டு பதிப்பு மாறும்போதும் அதே மெஷினில் ஏற்ற முடியாது, 2022-இல் 18.04-இலிருந்து 22.04-க்குப் போனபோது எல்லோரும் புது மெஷின் எடுத்து பேக்கப்பிலிருந்துதான் மீட்டார்கள்.

மாதம் 500 ரூபாய் வாக்கில் முடிகிறது, ஆள் கூடினாலும் வாடகை கூடாது. லினக்ஸ் கட்டளைத் திரையைப் பார்த்துப் பயப்படாத ஒருவர் ஆபீசில் இருந்தால் தாராளமாகப் போடலாம், இல்லையென்றால் தலைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். போடுகிறவர்கள் பேக்கப்பை அன்றைக்கே வெளி இடத்துக்கு மாற்றிவிடுங்கள், அமைப்பை மாற்றாவிட்டால் அதே மெஷினுக்குள்ளேயே சேமித்துக்கொண்டிருக்கும். பேக்கப்பைப் பூட்டி வைக்கும் ரகசியச் சாவி தனி ஃபைலாக இருக்கிறது, அதையும் ஒரு பிரதி எடுத்து வேறெங்காவது வையுங்கள். சாவி இல்லாமல் அந்த பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது.