கேன் வைத்து எரிக்கும் ஒற்றை பர்னர் அடுப்பு: வாங்கலாமா?

சூட்கேஸ் மாதிரிப் பெட்டியில் வரும், கேனில் அடைத்த பியூட்டேன் என்ற எரிவாயுவில் எரியும் அடுப்பு, இரண்டு மூன்று பேருக்குச் சமைக்க நல்ல தேர்வு. 225 கிராம் கேன், முழுத் தீயில் சுமார் ஒன்றேகால் மணி நேரம் எரியும்.

கேனை மாட்டும் இடத்தில்தான் கவனம் வேண்டும். கேன் கழுத்து வளையத்தில் சின்ன வெட்டு இருக்கும். அது மேலே பார்த்து, அடுப்பின் நாக்கில் சரியாக உட்கார வேண்டும். அதன் பிறகே லிவரை அழுத்துங்கள். அழுத்தும்போது குமிழ் அணைந்த நிலையில் இருக்கட்டும். 'உஸ்' சத்தம் நிற்காவிட்டால் உடனே கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருக்கும். பெட்டிக்குள் கவிழ்த்து வைத்த பாத்திரத் தாங்கியைத் திருப்பிப் போட மறந்தால் தீ சரியாக எரியாது.

பெரிய தோசைக்கல் வேண்டவே வேண்டாம். கேன் அறைக்கு மேல் நீட்டினால் சூடு கீழே திரும்பி, கேனில் அழுத்தம் ஏறும். கேனைத் தானே விடுவிக்கும் அழுத்தப் பாதுகாப்பு உள்ள மாடலையே வாங்குங்கள். நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை.

உறைபனி விழும் ஊட்டி விடியலில் தீ சோர்ந்துவிடும், பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டி ஆவியாக மறுக்கும். அதற்காகக் கேனைத் தீயில் காட்டாதீர்கள், கூடாரத்துக்குள்ளும் பற்றவைக்காதீர்கள். மூடிய இடத்தில் எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது.

ரயிலில் கொண்டுபோகவே கூடாது. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் சமையல் சிலிண்டரால் பிடித்த தீயில் 9 பேர் இறந்தார்கள்.