70எம்எம் டெலஸ்கோப்புல திருவாதிரை: டப்பா மேல போட்டிருக்கிறத நம்பாதீங்க

அம்மாவோட நட்சத்திரம் திருவாதிரை. போன மார்கழியில களி கிண்டிட்டே "உலகத்துல இருக்கிறதெல்லாம் போன்ல காட்டுற, என் நட்சத்திரத்த ஒரு நாள் காட்டுடா"ன்னாங்க, அத சாக்கா வச்சு ரொம்ப நாளா கார்ட்ல கிடந்த 70எம்எம் டெலஸ்கோப்ப ஆர்டர் போட்டுட்டேன். பிராண்ட் பேரு வேணாம், இதே ட்யூப் நாலஞ்சு ஸ்டிக்கர்ல வருது. எட்டாயிரத்துக்கு கொஞ்சம் கம்மி.

டப்பா மேல கொட்ட எழுத்துல "525 மடங்கு". கணக்கு பொய் இல்ல, டெலஸ்கோப்போட ஃபோகல் லென்த் 700எம்எம், அத ஐபீஸ் (கண்ண வச்சு பாக்குற சின்ன லென்ஸ்) நம்பரால வகுத்தா எத்தன மடங்குன்னு வரும்; 4எம்எம் ஐபீஸ் போட்டா 175, கூட ஒரு 3எக்ஸ் பார்லோ (மூணு மடங்கு கூட்டுற லென்ஸ்) சொருகினா 525. ஆனா முன்னாடி இருக்கிற 70எம்எம் அகல லென்ஸ் உருப்படியா தாங்குறது 140 தான், அதுக்கு மேல மங்கல்தான் பெருசாகும். ட்ரைபாட் வேற வாத்து கால், மூச்சு விட்டாலே ஆடுது. நடுவுல ரெண்டு லிட்டர் தண்ணி கேன் ஒண்ண கட்டி தொங்கவிட்டப்புறம்தான் நின்னுச்சு.

ஆருத்ரா அன்னிக்கே பாக்கலாம்னு கிளம்பாதீங்க, பௌர்ணமி நிலா பக்கத்துலயே உக்காந்துக்கும். நாங்க ஒரு பத்து நாள் தள்ளி மாடிக்கு போனோம். கிழக்கால ஓரியன்ங்கிற நட்சத்திரக் கூட்டத்துல வரிசையா மூணு நட்சத்திரம் இருக்குல்ல, அதுக்கு ஒரு பக்கம் செக்கச்செவேல்னு நிக்கிறதுதான் திருவாதிரை, இங்கிலீஷ்ல பீட்டல்ஜூஸ். முதல்ல 25எம்எம் போட்டு காட்டினேன். அம்மா கண்ண வச்சு பாத்துட்டு "இதுக்கா எட்டாயிரம்? புள்ளிதானடா தெரியுது"ன்னாங்க. எனக்கு ரோஷம் வந்துருச்சு, 4எம்எம்ம மாத்தினா சின்னதா வட்டமா ஒண்ணு, சுத்தி ஒரு வளையம்! "அம்மா, நட்சத்திரத்தோட உருவமே தெரியுது"ன்னு கத்திட்டேன். அப்புறம் சும்மா அதே ஓரியன்ல இருக்கிற ரிகெல்ங்கிற நட்சத்திரம் பக்கம் திருப்பினா அங்கயும் அதே சைஸ்ல அதே வட்டம். அது நட்சத்திரமே இல்ல, லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் பண்ற வேலை, எந்த நட்சத்திரத்துக்கும் அப்படித்தான் காட்டும்.

இத்தனைக்கும் அது சின்ன ஆளு இல்ல. சூரியன் இருக்கிற இடத்துல கொண்டு வச்சா புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் எல்லாத்தையும் முழுங்கிட்டு வியாழன் பக்கம் போய் நிக்கும். ஆனா 500லேருந்து 700 ஒளியாண்டு தூரம், அதனால வானத்துல அதோட அகலம் சுமார் 0.05 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரிய 3600 துண்டாக்கினா ஒரு துண்டு). நம்ம லென்ஸ் பிரிச்சு காட்டுறது 1.7 வரைக்கும்தான். 1920ல மைக்கேல்சன், பீஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க அமெரிக்காவுல மவுண்ட் வில்சன் வான் ஆய்வகத்துல 100 இன்ச் டெலஸ்கோப் மேல 20 அடி இரும்பு உத்தரத்த ஏத்தி, ரெண்டு ஓரத்துலயும் கண்ணாடி மாட்டித்தான் இதோட அகலத்த அளந்தாங்க, சூரியன விட்டா முதல்ல அளந்த நட்சத்திரம் இதுதான். நான் தண்ணி கேன் கட்டிட்டு அந்த வேலைய பாக்க போயிருக்கேன்.

அப்ப இந்த டெலஸ்கோப் வேஸ்ட்டான்னு கேட்டா, இல்ல. திரும்ப 25எம்எம் போட்டு, ஃபோகஸ வேணும்னே கொஞ்சம் கலைச்சு விடுங்க. புள்ளி விரிஞ்சு சின்ன தட்டு மாதிரி ஆகும், அப்ப கலர் பளிச்சுனு தெரியும். அம்மா பாத்தவுடனே "அடுப்புத் தணல் மாதிரி இருக்குடா"ன்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க, மேல்பரப்பு சூடு சுமார் 3500 கெல்வின்தான், சூரியனுக்கு கிட்டத்தட்ட 5800. ஊதிப் போனதால வெளிய ஆறிப்போச்சு. எடை சூரியன மாதிரி ஒரு பதினஞ்சு, இருவது மடங்குதான், அத அவ்ளோ பெரிய உடம்புல பரப்பினா சராசரியா நாம இழுக்கிற காத்த விட ஆயிரக்கணக்கான மடங்கு மெலிசு. வயசும் கிட்டத்தட்ட ஒரு கோடி வருஷம்தான், சூரியனுக்கு 460 கோடி, சூரியன் இன்னும் தெம்பா இருக்கு. எடை ஜாஸ்தியா இருந்தா எரிபொருள் தண்ணியா செலவாகும் போல, உள்ள ஹைட்ரஜன் தீர்ந்து ஹீலியத்துல ஓடிட்டு இருக்கு. ஒரு லட்சம் வருஷத்துக்குள்ள வெடிச்சிரும்ங்கிறாங்க.

2019 கடைசியில மங்கி 2020 பிப்ரவரியில வழக்கமான வெளிச்சத்துல மூணுல ஒரு பங்குக்கு வந்தப்ப, இதோ வெடிக்கப் போகுதுன்னு ஒரே பேச்சு. கடைசியில அது கக்கின தூசிதான் மறைச்சிருக்கு. அந்த கூத்துக்கும் டெலஸ்கோப் தேவைப்படல, வெறுங்கண்ணுல பக்கத்து ரோகிணியோட ஒப்பிட்டாலே தெரிஞ்சிருக்கும்.

அதனால நிலா, வியாழன், ஓரியன் நெபுலா (ஓரியன்ல இருக்கிற வாயு, தூசி மேகம்) பாக்கணும்னா தாராளமா வாங்கலாம், 25, 10 ரெண்டு ஐபீஸும் நல்லாவே இருக்கு. 4எம்எம்மும் பார்லோவும் டிராயர்ல தூங்குது. நட்சத்திரத்த உருண்டையா பாக்கணும்னு வாங்குறவங்க காச மிச்சம் பண்ணுங்க. அஞ்சுக்கு மூணு ஸ்டார், ட்ரைபாட் மட்டும் ஒழுங்கா இருந்தா நாலு.

அம்மா இப்பல்லாம் டெலஸ்கோப்ப கேக்கிறதே இல்ல. ராத்திரி காயப்போட்ட துணிய எடுக்க மாடிக்கு போனா ஒரு பார்வை பாத்துட்டு "இன்னும் வெடிக்கலடா"ன்னு சொல்லிட்டு இறங்குறாங்க.