போத்தலை எண்ணுவதா, ரூபாவை எண்ணுவதா? ஒரு நாட்டின் கைத்தொழிலை அளக்கும் வழிகள்

"தம்பி, நாங்கள் முன்னுக்குப் போறமோ, பின்னுக்குப் போறமோ?"

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் நல்லெண்ணெய் மில் வைத்திருக்கும் அண்ணை, 2022 முடிந்த கையோடு என்னிடம் கேட்டது இது. உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு. மேசையில் மில் கொப்பி விரிந்து கிடந்தது. கணக்கு இலகுவாக வரும்படி எண்களை முழுதாக்கிச் சொல்கிறேன்.

இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்கு முன் மாதம் 1,000 போத்தல். போத்தல் 800 ரூபா. விற்பனை 8 இலட்சம். எள்ளு, மின்சாரம், டீசல், வெற்றுப் போத்தல் எல்லாம் சேர்ந்து 5 இலட்சம். மிச்சம் 3 இலட்சம். கூலியும் இலாபமும் இதற்குள் அடங்கும். நெருக்கடிக்குப் பின் மாதம் 800 போத்தல். போத்தல் 1,800 ரூபா. விற்பனை 14 இலட்சத்து 40 ஆயிரம். செலவு 10 இலட்சத்து 80 ஆயிரம். மிச்சம் 3 இலட்சத்து 60 ஆயிரம்.

விற்பனையைப் பார்த்தால் 80 சதவீத வளர்ச்சி. மிச்சத்தைப் பார்த்தால் 20 சதவீத வளர்ச்சி. போத்தலை எண்ணினால் 20 சதவீத வீழ்ச்சி. மூன்றும் ஒரே கொப்பியில் உள்ள மூன்று உண்மைகள். நாட்டின் உற்பத்தியைக் கணக்கிடுகிறவர்களும் இதே கொப்பியைத்தான், பல ஆயிரம் மடங்கு பெரிதாக, வாசிக்கிறார்கள். எந்த வரியை வாசிப்பது என்பதில்தான் அவர்களுக்குள் பிணக்கு.

நடைமுறை விலை ரூபா

அந்தந்த ஆண்டின் விலையிலேயே கணக்கிடும் இந்த வழியை விரைவாகக் கடந்துவிடலாம். 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது, அன்றைய ரூபாவில் சொல்லப்பட்ட எந்த வளர்ச்சியும் விலைவாசியின் வளர்ச்சிதான். ஆனால் யாழ்ப்பாணத்தவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மத்திய வங்கி வெளியிடும் மாகாண மொத்த உள்நாட்டு உற்பத்தி நடைமுறை விலையில்தான் வருகிறது. போர் முடிந்த அடுத்த சில வருடங்களில் வடமாகாணம் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்ததாக மேடைகளில் சொல்லப்பட்டது இந்தக் கணக்கை வைத்துத்தான். அந்த எண் பொய்யில்லை. அதற்குள் விலையேற்றமும் இருக்கிறது, பூச்சியத்துக்குக் கிட்ட இருந்து எழும்புவதால் வரும் பெரிய சதவீதமும் இருக்கிறது. மாகாணங்களுக்கிடையில் பங்கை ஒப்பிடுவதற்கு இந்தக் கணக்கு நல்லது: மேல் மாகாணத்தின் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல், வடக்கினது 4, 5 சதவீத அளவில். காலத்தோடு காலத்தை ஒப்பிட இதை எடுக்காதீர்கள்.

கைத்தொழில் உற்பத்திச் சுட்டெண்

போத்தலை எண்ணும் வழி இது. தொகைமதிப்பு மற்றும் புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் வெளியிடுகிறது. அடியாண்டான 2015ஐ 100 என்று வைத்திருக்கிறார்கள். எத்தனை தொன் சீமெந்து, எத்தனை உருப்படி ஆடை, எத்தனை லீற்றர் எண்ணெய் என்று பௌதிக அளவுகளைத் திரட்டி, ஒவ்வொரு தொழிலுக்கும் அதன் முக்கியத்துவத்துக்கு ஏற்ப ஒரு நிறை கொடுத்துக் கூட்டுவது. இலங்கைச் சுட்டெண்ணில் உணவு உற்பத்திக்கு மூன்றிலொன்றுக்கும் சற்று மேல், ஆடைக்கு ஏறக்குறைய ஐந்திலொன்று.

இதன் பலம் இரண்டு. விலை உள்ளே வந்து குழப்பாது. சீக்கிரம் வரும். மாதாமாதம் தொழிற்சாலைகள் ஓடுகின்றனவா, நிற்கின்றனவா என்று பார்க்க இதைவிட நேர்மையான கருவி இல்லை என்பது என் எண்ணம்.

பலவீனம் நிறையில் இருக்கிறது. அந்த நிறை அடியாண்டில் தீர்மானிக்கப்படுவது. அடியாண்டில் உயிரோடு இருந்தவற்றுக்கு மட்டுமே அது கிடைக்கும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை எடுங்கள். 1950இல் தொடங்கி, 1990இல் போரோடு நின்றுபோனது. கீரிமலைப் பக்கம் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த கிடங்குகள் மட்டும் மிஞ்சின. பரந்தனில் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த இரசாயனத் தொழிற்சாலையும் அப்படியே நின்றது. 2015ஐ 100 ஆக்கிய சுட்டெண்ணில் இவற்றின் நிறை பூச்சியம். அதனால் அந்தச் சுட்டெண்ணில் இவற்றின் இழப்பும் பூச்சியம். நாளைக்கு ஒன்று மீண்டும் தொடங்கினாலும், நிறையைத் திருத்தும்வரை அதன் எழுச்சியும் பூச்சியம். ஆனையிறவு உப்பளம் போருக்குப் பின் மீண்டும் உப்பு விளைவித்தபோது, எங்கள் கண்ணுக்கு அது பெரிய செய்தி. தேசியச் சுட்டெண்ணில் அது ஒரு தூசி. இதில் யாரும் எங்களை வேண்டுமென்று விலக்கவில்லை. கணித முறையே அப்படி. ஆனால் முறையின் விளைவை வாயால் சொல்லாமல் விட்டால், 1990க்கு முன் வடக்கில் கைத்தொழிலே இருக்கவில்லை என்று அடுத்த தலைமுறை நினைத்துவிடும்.

நிறையின் சக்தி எவ்வளவு என்பதற்கு உலகில் பெரிய உதாரணங்கள் உண்டு. சோவியத் ஒன்றியம் 1950வரை தன் தொழில் உற்பத்தியை 1926/27ஆம் ஆண்டு விலைகளிலேயே கணக்கிட்டது. அந்த ஆண்டில் இயந்திரங்கள் அருமை, ஆகவே விலை அதிகம். பிறகு வேகமாகப் பெருகியதும் அதே இயந்திரங்கள்தான். அருமையான காலத்து விலையால் மலிந்த காலத்து அளவைப் பெருக்கினால் வளர்ச்சி ஊதிப் பெருக்கும். பொருளியலாளர் அலெக்சாண்டர் கெர்ஷென்க்ரோன் இதை எடுத்துக்காட்டியதால் இன்றும் அவர் பெயராலேயே அந்த விளைவை அழைக்கிறார்கள். பிரித்தானியக் கைத்தொழில் புரட்சிக்கும் இதேதான் நடந்தது: முன்னையவர்கள் பருத்தித் தொழிலுக்குக் கொடுத்திருந்த மிகையான நிறையை 1980களில் கிராஃப்ட்ஸ், ஹார்லி என்ற பொருளியல் வரலாற்றாளர்கள் குறைத்ததும், புரட்சி என்று சொல்லப்பட்ட காலத்தின் வளர்ச்சி வேகம் கணிசமாக இறங்கியது.

மருந்து, நிறையை அடிக்கடி புதுப்பிப்பது. வருடத்துக்கு வருடம் நிறையை மாற்றி, ஒவ்வோர் ஆண்டையும் முந்தைய ஆண்டோடு கொளுவிச் செல்லும் சங்கிலி முறைக்கு அமெரிக்கா தன் தேசியக் கணக்கை 1996இல் மாற்றியது. புள்ளிவிபரம் திரட்டக் காசும் ஆளும் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள தடை.

நிலையான விலையில் சேர்க்கப்பட்ட பெறுமதி

போத்தலை எண்ணினால் ஒரு விடயம் தப்பிவிடும். கொழும்பிலிருந்து எண்ணெயை வாங்கிப் போத்தலில் அடைத்து விற்கிறவரும், எள்ளை வறுத்து ஆட்டுகிறவரும் ஒரே 800 போத்தலைக் காட்டலாம். இங்கே உண்மையில் உருவாக்கப்பட்டது என்ன என்று கேட்டால், வெளியீட்டிலிருந்து உள்ளீட்டைக் கழிக்க வேண்டும். மொத்த உள்நாட்டு உற்பத்தியின் கைத்தொழில் பகுதி இந்தக் கழித்தல்தான். கழித்த பின் விலையேற்றத்தை எப்படி நீக்குவது என்பதில் இரண்டு வழிகள் மோதுகின்றன.

மில் கொப்பிக்குத் திரும்புவோம். எண்ணெய் விலை 2.25 மடங்கு. மிச்சமான 3 இலட்சத்து 60 ஆயிரத்தை இதனால் வகுத்தால் 1 இலட்சத்து 60 ஆயிரம். அதாவது பழைய 3 இலட்சத்திலிருந்து 47 சதவீத வீழ்ச்சி. ஒற்றைக் குறைப்பு என்பது இதுதான்: ஒரே விலைச் சுட்டெண்ணால் எல்லாவற்றையும் வகுப்பது.

இரட்டைக் குறைப்பு என்ற மற்ற வழியில் வெளியீடு, உள்ளீடு இரண்டையும் தனித்தனியே பழைய விலைக்குக் கொண்டுபோக வேண்டும். 800 போத்தல் பழைய 800 ரூபாவில் 6 இலட்சத்து 40 ஆயிரம். அதற்கு வேண்டிய எள்ளும் மற்றதும் பழைய விலையில் 4 இலட்சம். மிச்சம் 2 இலட்சத்து 40 ஆயிரம். வீழ்ச்சி 20 சதவீதம். போத்தல் கணக்கோடு பொருந்துகிறது, ஏனென்றால் அண்ணையின் ஆட்டும் முறை மாறவேயில்லை. ஒற்றைக் குறைப்பு காட்டிய மிச்ச 27 சதவீதப் புள்ளிகள், எள்ளு விலை எண்ணெய் விலையை முந்திக்கொண்டு ஏறியதன் நிழல். இது மறுபக்கமும் வேலை செய்யும். மூலப்பொருள் விலை இறங்கும் காலத்தில் ஒற்றைக் குறைப்பு இல்லாத வளர்ச்சியைக் காட்டும்.

இந்தியாவில் இந்த விவாதம் பெரிய தீயாக எரிந்தது. 2013-14இல் அங்கே உற்பத்தித் தொழில் 0.7 சதவீதம் சுருங்கியது என்பது பழைய தொடர். 2015 ஜனவரியில் அடியாண்டை 2011-12க்கு மாற்றி, கம்பனிகள் பதிவுசெய்யும் கணக்குகளை மூலமாக எடுத்ததும் அதே ஆண்டு 5.3 சதவீதம் வளர்ந்ததாக வந்தது. தரவின் மூலமும் ஆண்டும் மாறியதால் வந்த வித்தியாசம் ஒரு பகுதி. அங்கே பயன்படுத்திய ஒற்றைக் குறைப்பு பற்றிய கேள்வி அதன் பின் ஓயவேயில்லை. இரட்டைக் குறைப்புக்கு உள்ளீடுகளின் விலையைத் தனியாகத் தொடர்ந்து திரட்ட வேண்டும். கடினம்தான். என்றாலும் நெருக்கடிக் காலத்தைப் பற்றிப் பேசும்போது ஒற்றைக் குறைப்பில் வந்த எண்ணை நான் மேற்கோள் காட்டமாட்டேன்.

குறுக்கு வழிகள் இரண்டு

கொள்வனவு முகாமையாளர் சுட்டெண்ணை மத்திய வங்கி 2015 முதல் வெளியிடுகிறது. போன மாதத்தைவிடக் கூடவா, குறைவா, அதேயளவா என்று மட்டும் கேட்பார்கள். 50 என்றால் மாற்றமில்லை. 2020 ஏப்ரலில் உற்பத்திப் பிரிவு 25க்கும் கீழே விழுந்து, ஜூனில் 60ஐத் தாண்டியது. என் மாணவர்களில் பலர் இதைப் பார்த்து நாடு முன்னிருந்ததைவிட மேலே போய்விட்டது என்று எழுதினார்கள். கிணற்றடியிலிருந்து ஒரு படி ஏறினாலும் இந்தக் கருவி "ஏற்றம்" என்றே சொல்லும். கிணறு எவ்வளவு ஆழம் என்று சொல்லாது. இன்னொன்று: சரக்கு வரத் தாமதமானால் தேவை சூடாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சுட்டெண் கூடும். ஏ-9 வீதி மூடப்பட்டுக் கப்பலுக்குக் காத்திருந்த ஊருக்கு, தாமதம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

செய்மதியில் தெரியும் இரவு வெளிச்சம் மற்றது. கணக்கெடுப்பே நடக்காத இடங்களில் இது கைகொடுக்கும். 2001 குடிசன மதிப்பீடு இங்கே முழுமையாக நடக்கவில்லை. 1981க்குப் பின் முழுக் கணக்கு 2012இல்தான். அப்படிப்பட்ட இடைவெளியில் ஒரு வெளிச்சப் படம்கூடப் பெறுமதியானது. ஆனால் தேசிய மின்வலையோடு குடாநாடு இணைந்த ஆண்டில் வெளிச்சம் கூடியது மின்கம்பியால். பட்டறைகள் கூடியதால் என்று அதை வாசிக்க முடியாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் செய்மதிக்கு வெளிச்சம்தான்.

உற்பத்தித்திறன்: ஆளுக்கா, மணித்தியாலத்துக்கா?

எவ்வளவு செய்தோம் என்பதிலிருந்து எவ்வளவைக் கொண்டு செய்தோம் என்பதற்கு வந்தால் பிணக்கு கூடுகிறது. மில்லில் முன்பு நால்வர், நாளுக்கு 8 மணித்தியாலம், மாதம் 25 நாள்: 800 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 1.25 போத்தல். நெருக்கடியில் ஒருவர் வெளிநாடு போய்விட்டார். மூவர், 600 மணித்தியாலம், 800 போத்தல்: 1.33. உற்பத்தி விழுந்தது, உற்பத்தித்திறன் 7 சதவீதம் உயர்ந்தது என்று அழகாக எழுதிவிடலாம்.

போன ஆளின் வேலையை யார் செய்தார்கள்? அண்ணை வீட்டு அக்கா எள்ளுப் புடைத்தார். மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து போத்தல் கழுவினான். இருவருமாக நாளுக்கு 4 மணித்தியாலம், மாதம் 100. சம்பளம் இல்லாததால் கொப்பியில் பெயர் இல்லை. அதையும் சேர்த்தால் 700 மணித்தியாலம், 1.14 போத்தல். உயர்ந்தது என்றது 9 சதவீதம் இறங்கிவிட்டது. திணைக்களத்தின் வருடாந்தக் கைத்தொழில் அளவீடு ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களைத்தான் எடுக்கும். சம்பளக்காரரை மட்டும் எண்ணினால் இந்த மில் அதற்குள் வராது. குடும்பத்தை எண்ணினால் வரும். யாழ்ப்பாணத்தின் எண்ணெய் மில், மிளகாய் மில், பனம்பொருள், தச்சுப் பட்டறை எல்லாம் இந்தக் கோட்டின் மேலும் கீழுமாகத்தான் நிற்கின்றன.

மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்பது போட்டிக்கு நிற்கும் இன்னொரு அளவு. உழைப்பாலும் மூலதனத்தாலும் விளங்காத வளர்ச்சியை "தொழில்நுட்பம்" என்று பெயரிட்டு மிச்சமாக எடுப்பது. 1957இல் பொருளியலாளர் ரொபேர்ட் சோலோ இந்த முறையில், 1909க்கும் 1949க்கும் இடையில் அமெரிக்காவில் மணித்தியாலத்துக்கான உற்பத்தி இரண்டு மடங்கானதில் எட்டில் ஏழு பங்கு மூலதனப் பெருக்கத்தால் வந்ததல்ல என்று கண்டார். நீண்டகாலக் கேள்விக்கு அது பெரிய திறப்பு. எங்கள் 2022க்கு அதைப் போட்டால் என்ன வரும்? மார்ச் 31இல் 13 மணித்தியால மின்வெட்டு. இயந்திரம் அங்கேயே நிற்கிறது, மூலதனம் குறையவில்லை. ஆள் நிற்கிறார், உழைப்பும் பெரிதாகக் குறையவில்லை. நல்லெண்ணெய் மட்டும் வரவில்லை. கணக்கு அதை "தொழில்நுட்பப் பின்னடைவு" என்று எழுதும். எள்ளு ஆட்டும் கலையை ஒரே மாதத்தில் இந்த ஊர் மறந்துவிட்டதா? மின்வெட்டும் டீசல் வரிசையும் போகும் இடம் அந்த மிச்சம்தான். இயந்திரம் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று திருத்தாத மொத்தக் காரணி எண்ணை, இலங்கை போன்ற ஒரு நாட்டின் குறுகிய காலத்துக்கு நான் நம்பமாட்டேன்.

என் தெரிவைக் கேட்டால்: இந்த மாதம் எப்படி என்பதற்குச் சுட்டெண், பத்து வருடத்துக்கு இரட்டைக் குறைப்புச் செய்த சேர்க்கப்பட்ட பெறுமதி, திறனுக்கு மணித்தியாலக் கணக்கு, கூலியில்லாத மணித்தியாலமும் சேர்த்து. 1990க்கு முன்னும் பின்னும் வடக்கை ஒப்பிட இவற்றில் எதுவும் தனியே போதாது. அதற்குத் தொன்னும் லீற்றருமாகப் பழைய பேரேடுகளிலிருந்து ஒரு தொடரைக் கட்ட வேண்டும், நின்றுபோன தொழிற்சாலைகளைப் பூச்சியத்தோடு அதற்குள்ளேயே வைத்திருந்து.

அண்ணைக்கு அன்று சொன்ன பதில் "பின்னுக்குத்தான் அண்ணை, மணித்தியாலத்துக்கு 9 வீதம்" என்பது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் அடிமட்டத்தை எடுத்துக் கொப்பியில் இன்னொரு கோடு கீறினார். முதல் நாள் அதில் எழுதியது: புடைத்தது 3, கழுவினது 1.