அப்பாவின் பைபாஸும் இரண்டு பாலிசியும்: சேலத்தில் என் அனுபவம்

ஆபீஸில் கொடுத்த குரூப் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி 3 லட்சம், அப்பா அம்மாவுக்காக 2019-இல் நானே எடுத்தது 5 லட்சம். "அதான் கம்பெனி கொடுக்குதே, இதுக்கு வேற எதுக்குப் பணம் கட்டுற?" என்று வீட்டில் வருடா வருடம் கேட்பார்கள். போன தை மாதம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, சேலத்திலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் பைபாஸ் செய்து, பில் 4,62,000 ரூபாய் என்று கைக்கு வந்த பிறகு யாரும் கேட்கவில்லை.

எந்தப் பாலிசியை முதலில் எடுப்பது என்பது நம் விருப்பம்தான். நான் ஆபீஸ் பாலிசியைக் கொடுத்தேன். பில் அதற்குள் அடங்கியிருந்தால் சொந்தப் பாலிசியில் க்ளெய்ம் செய்யாத வருடங்களுக்குச் சேரும் போனஸ் அப்படியே இருந்திருக்கும், அடங்கவில்லை. 3 லட்சம் கேஷ்லெஸ் ஆனது, அதாவது கம்பெனியே நேராக மருத்துவமனைக்குக் கட்டிவிட்டது. மீதிக்கு இரண்டாவது கார்டை நீட்டினால், இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் "ஒரு கேஷ்லெஸ்தான் சார், மீதியைக் கட்டிட்டு அப்புறம் க்ளெய்ம் பண்ணிக்கோங்க" என்றார்கள். இது எனக்கு இன்னும் வருத்தம்தான், ஏனென்றால் நாம் கேட்டுக்கொண்டால் முதல் கம்பெனியே மற்ற கம்பெனியோடு பேசி மீதித் தொகைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று காப்பீட்டுக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2024-இலேயே சொல்லிவிட்டது, அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அம்மாவின் நகையை வைத்து 1,62,000 கட்டினேன்.

அப்புறம் அலைச்சல். ஒரிஜினல் பில் எல்லாம் முதல் கம்பெனிக்குப் போய்விட்டதால், நகல்களில் மருத்துவமனை சீல் வாங்க அம்மாப்பேட்டையிலிருந்து மூன்று முறை பஸ் ஏறினேன். டிஸ்சார்ஜ் ஆகும்போதே டிஸ்சார்ஜ் சம்மரி, பில், ரசீது, ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் சீல் போட்ட நகல் இன்னொரு செட் கேட்டு வாங்கிவிடுங்கள். முதல் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று காட்டும் செட்டில்மென்ட் லெட்டர் இல்லாமல் இரண்டாவது கம்பெனி ஃபைலைத் தொடவே இல்லை. அது போய்ச் சேர்ந்த பன்னிரண்டாம் நாள் 1,49,000 வந்தது. கையுறை, பஞ்சு மாதிரியானவற்றுக்கு 13,000 கைக்காசு. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதைப் பாலிசி எடுக்கும்போதே எழுதிக் கொடுத்திருந்தேன், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலமும் முடிந்திருந்ததால் அதில் ஒரு கேள்வியும் வரவில்லை.

ஒரே பில்லுக்கு இரண்டு பக்கமும் முழுப் பணம் வாங்கலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம், செலவுக்கு மேல் ஒரு ரூபாய் வராது. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் ஹாஸ்பிடல் கேஷ் பாலிசி மட்டும் வேறு கணக்கு.

3 லட்சத்துக்கு மேல் கொடுக்கும் சூப்பர் டாப்-அப் எடுத்தால் பிரீமியம் குறையும் என்று நண்பர் சொன்னார். உண்மைதான், ஆனால் வேலையை விட்டால் ஆபீஸ் பாலிசியும் போய்விடும், அப்போது அந்த முதல் 3 லட்சம் நம் தலையில்தான். அதனால் இதையே தொடர்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் சொந்தமாக எடுக்கும் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது, இந்த முறை ரின்யூவலில் அந்தப் பணம் மிச்சமானது.