கண்ணுக்குள் கேஸா, ஆயிலா?

விழித்திரை விலகினால் விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுக்கும் ஆபரேஷன்) செய்து லேசர் போட்டு ஒட்ட வைக்கிறார்கள். அந்த ஒட்டு இறுகும்வரை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்க ஒன்று வேண்டும். அதற்குத்தான் கேஸ், இல்லையென்றால் சிலிக்கான் ஆயில். எனக்கு இரண்டுமே சரிவரும் என்று டாக்டர் சொன்னதால் கேஸைத் தேர்ந்தெடுத்தேன். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கேஸில் தொல்லை இல்லாமல் இல்லை. டாக்டர் சொல்கிற நாள்வரை குப்புறப் படுக்க வேண்டும், கழுத்து விட்டுப்போகும். ஆரம்பத்தில் கையை அசைத்தால் தெரியும், அவ்வளவுதான். அப்புறம் மேலிருந்து தெளிய ஆரம்பித்து, ரசமட்டக் குமிழி மாதிரி ஒரு கோடு ஆடி ஆடிக் கீழே இறங்கும். கேஸ் முழுக்கக் கரைய, எஸ்எஃப்6 என்ற வகை என்றால் சுமார் 2 வாரம், சி3எஃப்8 என்ற வகை என்றால் 6 முதல் 8 வாரம். அதுவரை விமானம் கிடையாது, ஊட்டி கொடைக்கானலும் கிடையாது. உயரம் போகப்போக குமிழி விரிந்து கண் அழுத்தம் எகிறி, பார்வையே போய்விடலாம். வேறு ஏதாவது ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள், மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடும் குமிழியை ஊதிவிடும்.

ஆனால் அது தானாகவே கரைந்து போய்விடுகிறது. என் கணக்கில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆயில் கரையாது. பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போய் எடுக்க வேண்டும். இன்னொரு ஊசி, இன்னொரு லீவு, இன்னொரு பில். எடுத்த பிறகு விழித்திரை திரும்பவும் கழன்றுகொள்வதும் உண்டு. 'நன்றாகத்தானே தெரிகிறது' என்று தள்ளிப்போட்டாலோ, ஆயில் பொடிப்பொடித் துளிகளாக உடைந்து கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். உள்ளே இருக்கும்வரை கண்ணாடிப் பவரும் மாறிக் கிடக்கும்.

இது நான் பட்ட அனுபவம் இல்லை, பெரியப்பாவுக்கு வைத்ததைக் கூட இருந்து பார்த்தது. அவருக்கு ஆயில்தான் சரி, குப்புறப் படுக்க முதுகு இடம் தராது. குழந்தைகள், மற்ற கண்ணில் பார்வை இல்லாதவர்கள், சீக்கிரம் விமானம் ஏற வேண்டியவர்கள் விஷயத்திலும் ஆயில் பக்கம் நியாயம் இருக்கிறது. விழித்திரை மேல் தழும்புச் சவ்வு படர்ந்து இழுக்கிற கண்களில் எஸ்எஃப்6-ஐவிட ஆயில் மேல் என்றும், சி3எஃப்8 ஏறக்குறைய அதற்குச் சமம் என்றும் 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. சிக்கலான கண் என்றால் டாக்டர் பேச்சுதான், என் பேச்சு இல்லை.

கண்புரை இரண்டிலும் வரும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பார்வை எவ்வளவு திரும்பும் என்பதும் பெரும்பாலும் எதை வைத்தார்கள் என்பதில் இல்லை, ஆபரேஷனுக்கு முன் மாக்குலா (கூர்மையாகப் பார்க்க உதவும் விழித்திரையின் நடுப்பகுதி) கழன்றிருந்ததா, எத்தனை நாள் கழன்றிருந்தது என்பதில்தான்.

ஆயில் என்று முடிவானால், எப்போது எடுப்பார்கள், அந்தச் செலவு இந்த பாக்கேஜில் அடங்குமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.