கையெழுத்தை மறைத்த மவுண்ட், சாய்ந்து தொங்கிய படங்கள்: காரைக்குடியில் ஒரு பிரேம் கடை

காரைக்குடியில் படத்துக்குச் சட்டம் போடும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு நடை போய்வந்தாலே நாலைந்து கண்ணில் படும். தாளில் செய்த கலைப்படைப்பை நம்பிக் கொடுக்கத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. நான் கொடுத்த கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து, ‘கண்ணாடி’, ‘பிரேம்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் மிச்சம். கடைக்காரரை ஊரே பாய் என்று அழைக்கிறது. நானும் அப்படித்தான் அழைத்தேன். குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால் இதற்குமேல் அடையாளம் வேண்டாம்.

வேலை இதுதான். கானாடுகாத்தானில் எங்கள் உறவினர் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், இளம் ஓவியர்கள் மூவரின் படைப்புகளை வைத்து ஒரு கண்காட்சி. மூவரும் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்கள். ஒருத்தி எச்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு) செய்கிறாள், ஒருவர் மரச்செதுக்கு அச்சு, இன்னொருவர் கரிக்கோல் ஓவியம். ஆக எல்லாமே தாள். கேன்வாஸ் என்றால் கட்டையில் இழுத்துக் கட்டி அப்படியே மாட்டிவிடலாம். தாளுக்குக் கண்ணாடி வேண்டும், கண்ணாடியில் தாள் ஒட்டாமலிருக்க மவுண்ட், அதாவது நடுவில் சாளரம் வெட்டிய அட்டை வேண்டும், பூச்சியும் ஈரமும் ஏறாத பின்பலகை வேண்டும். கண்காட்சி அமைப்பது பற்றிய கருத்தரங்குகளில் கருப்பொருள், கதையாடல் என்று நிறையப் பேசுவார்கள். பின்பலகையைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை.

2012இல் கொச்சி–முசிறி பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கி, ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பழைய வணிக வளாகங்களில் இன்றைய கலையைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, பழைய வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் நாமும் ஒன்று நடத்தினால் என்ன என்று தோன்றத் தொடங்கிவிட்டது. எனக்கும்தான். ஆனால் கிடங்குச் சுவர் வேறு, செட்டிநாட்டுச் சுவர் வேறு. சுண்ணாம்பை நைய அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு இது. துளை போட்டால் சில்லு சில்லாகப் பெயரும். திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும். போதாக்குறைக்கு வீட்டுக்குப் பங்காளிகள் ஏராளம். பாதிப் பேர் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும். எல்லோர் சார்பிலும் அனுமதி கொடுத்த பெரியப்பா ஒரே நிபந்தனைதான் விதித்தார்: “புதிதாக ஓர் ஆணிகூட சுவரில் ஏறக் கூடாது ஆத்தா.”

இந்த நிபந்தனையோடுதான் பாயிடம் போனேன். அதை அவர் எப்படிச் சமாளித்தார் என்பதற்கு முன் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் தவணையாக வந்த எச்சிங் படங்களைப் பிரித்துப் பார்த்தால், எதிலும் கையெழுத்தைக் காணவில்லை. அச்சுப்படத்தின் அடியில் பென்சிலில் இடப்பக்கம் 3/15 என்பதுபோல் பதிப்பு எண் இருக்கும்: மொத்தம் பதினைந்து படிகள், இது மூன்றாவது. வலப்பக்கம் கலைஞரின் கையெழுத்து. மவுண்டின் சாளரத்தைச் சித்திரத்தின் விளிம்போடு ஒட்ட வெட்டி இரண்டையும் மூடிவிட்டார்கள். கேட்டால், “பென்சில் கிறுக்கல் இருந்தது ஆச்சி, அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று பையன் மறைத்துவிட்டான்” என்றார் பாய். பையன் தலை நிமிரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைக்க முடியாது.

ஆனால் அந்தக் கடையின் சுவரைப் பார்த்தால் காரணம் புரியும். அங்கே பிழைப்பு சாமி படத்திலும் கல்யாணப் போட்டோவிலும்தான். கோவில்பட்டி கொண்டையராஜு பாணிக் காலண்டர் லட்சுமி, முருகன். ஓரமாகப் பழைய வீடுகளிலிருந்து கண்ணாடி மாற்ற வந்திருக்கும் ரவிவர்மா ஒலியோகிராஃப்கள் (எண்ணெய்ச் சித்திரம்போல் அச்சிட்ட வண்ணப்படங்கள்), சிலவற்றில் புடவைமேல் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டியது. 1894இல் ரவிவர்மா அச்சகம் தொடங்கிய நாளிலிருந்து, வீடுவீடாகப் போன அந்தப் படங்களில் ‘பதினைந்தில் மூன்று’ என்ற பேச்சே கிடையாது. அச்சுப்படம் என்றால் எத்தனை வேண்டுமானாலும் அடிப்பது. இத்தனைக்கும் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் தேவகோட்டையில்தான் அச்சுக்கலையில் நாடறிந்த ஆர்.எம். பழனியப்பன் 1957இல் பிறந்தார். அந்தச் செய்தி இந்தச் சந்துவரை வந்து சேரவில்லை. சொன்னதும் பாய் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். மவுண்டுகளைத் தம் செலவிலேயே மறுபடி வெட்டிக் கொடுத்தார், காசைப் பற்றி முணுமுணுக்கவும் இல்லை. கையால் செய்த தாளின் பிசிறான ஓரத்தையும் நறுக்கி நேராக்கிவிடலாமா என்று பையன் கேட்டான். நல்லவேளை, இந்த முறை கேட்டுவிட்டான்.

மவுண்ட் அட்டை விஷயத்தில் இந்தக் கடையை நம்ப வேண்டாம். அங்கே இருப்பது சாதாரண மரக்கூழ் அட்டை. அதிலிருக்கும் அமிலம் சில ஆண்டுகளில் படத்தின்மேல் சாளர விளிம்பு நெடுகப் பழுப்புக் கோடு போட்டுவிடும். பாயே பழைய முருகன் படம் ஒன்றைப் பிரித்து அந்தக் கோட்டைக் காட்டினார். ஈரக்காற்றில் வருவது என்று நினைத்திருக்கிறார். நான் சென்னையிலிருந்து அமிலமில்லாத பருத்திக்கூழ் அட்டை வாங்கிவந்திருந்தேன். விலையைக் கேட்டுச் சிரித்தார்: “இந்தக் காசுக்கு நான் பிரேமே போட்டுக் கொடுத்துவிடுவேனே ஆச்சி.”

ஒட்டுவதிலும் இதே கதை. பையன் கை தானாகச் செல்லோடேப்புக்குப் போகிறது. டேப்பின் பசை தாளில் ஊறி மஞ்சளாகும், பிறகு எடுக்கவே முடியாது. மெல்லிய ஜப்பானியத் தாளைக் கீல்போல் மடித்து, கோதுமைப் பசை தொட்டு, மேல் விளிம்பில் இரண்டே இடத்தில் ஒட்ட வேண்டும். அப்போதுதான் தாள் ஈரத்துக்கு விரியவும் சுருங்கவும் முடியும். பசை காய்ச்சுவதில் பாய் கைதேர்ந்தவர். ராமபாணப் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவது அவர் வழக்கம். துத்தத்திலிருக்கும் செம்பு தாளை நாளடைவில் நொறுங்க வைக்கும் என்று சொல்லித் தடுத்தேன். முகம் கொஞ்சம் வாடியது. அவர் அப்பா காலத்துப் பக்குவமாம்.

இனி நல்லதற்கு வருகிறேன். அது நிறையவே இருக்கிறது.

மரவேலைக்கு இந்தப் பக்கத்தில் இவரை விட்டால் ஆளில்லை என்பேன். தங்க நிற பிளாஸ்டிக் பட்டைகளை வாசலில் அடுக்கியிருக்கிறார், அவை விற்பதற்கு. கேட்டால் உள்ளே கூட்டிப்போய், இடித்த வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்கைக் காட்டுகிறார். ஜன்னல் கட்டையாக இருந்ததை முக்கால் அங்குல அகலத்துக்கு இழைத்து, பாலிஷ் போடாமல் மெழுகு மட்டும் தேய்த்துத் தரச் சொன்னேன். மூலைகளைச் சேர்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாற்பத்தைந்து பாகையில் அறுத்த இரண்டு துண்டுகளைச் சேர்த்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். இடுக்கில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் திரும்ப இழைப்புளி. மறுபடி தூக்கிப் பார்ப்பது, மறுபடி ஒரு சீவல். வெளிச்சம் முற்றிலும் அடைபட்ட பிறகுதான் பசை. கண்காட்சி முடிந்த பிறகும் ஒரு மூலையும் விரியவில்லை.

ஆணிப் பிரச்சினைக்கு வருகிறேன். பாய் நேரில் வந்து வீட்டைப் பார்த்தார். பட்டாலை என்ற கூடத்தில் ஐயாக்கள், அப்பத்தாக்கள் படங்கள் உத்தரத்தை ஒட்டி, நம்மைக் குனிந்து பார்ப்பதுபோல் முன்னால் சாய்ந்து தொங்கும். செட்டிநாட்டு வீடுகளில் வழக்கமாகக் காண்பதுதான். அந்தப் பழைய ஆணிகளில் பல காலியாக இருந்தன. “இவை போதும் ஆச்சி” என்றார். ஒவ்வோர் ஆணியிலிருந்தும் மெல்லிய எஃகுக் கம்பி இரட்டையாகக் கீழே இறங்கி, படத்தைப் பார்வை உயரத்தில் தாங்கும். கலைக்கூடங்களில் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய 150 சென்டிமீட்டரில் இருக்கும்படி மாட்டுவார்கள். அளவைச் சொன்னேன், பிசகாமல் வந்தது.

எல்லாப் படமும் முன்னால் சாய்ந்திருந்ததுதான் முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. கலைக்கூடம் என்றால் சுவரோடு சுவராக நிற்க வேண்டும் என்று பழகிய கண். பாய் ஒரு படத்தைச் சுவரோடு தட்டையாக அழுத்திப் பிடித்து, “இப்போது பாருங்கள்” என்றார். முற்றத்து வானம் முழுக்கக் கண்ணாடிக்குள் வந்துவிட்டது. மரச்செதுக்கின் கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளை மேகம். கையை எடுத்தார், படம் சாய்ந்தது, வானம் மறைந்து நடையின் இருண்ட தரை கண்ணாடிக்கு வந்தது, கறுப்பு திரும்பியது. பிரேமின் பின்னால் வளையத்தை எவ்வளவு கீழே இறக்கித் தைக்கிறோமோ அவ்வளவு படம் சாயும். உயரத்தில் முன்னோர் ஏன் அப்படி மாட்டினார்கள் என்று அவருக்கு ஒரு விளக்கம், எனக்கு வேறொன்று. கண்ணாடியில் கண்ணைக் கூச வைக்கும் பிரதிபலிப்பு விழாமலிருக்கும் என்பதில் இருவருக்கும் கருத்து ஒன்று. கூச்சம் தராத கண்ணாடிக்கு நான் ஒதுக்கிவைத்திருந்த பணம் அப்படியே மிஞ்சியது.

முகப்பில் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. அங்கே தரை வெள்ளை இத்தாலியப் பளிங்கு. சாய்த்தால் தரையின் பளபளப்பு கண்ணாடியில் ஏறுகிறது. பாய் யோசித்து, சமையற்கட்டுப் பக்கம் சுருட்டிவைத்திருந்த கருநீல ஜமுக்காளத்தைப் படங்களுக்கு முன்னால் விரிக்கச் சொன்னார். கூச்சம் போயிற்று. ஜமுக்காளத்தைக் கண்டதும் வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வேறெங்கும் நின்று பார்த்து நகர்ந்தவர்கள், முகப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பார்த்தார்கள். இதை நானே திட்டமிட்டதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான்.

வெளிச்சம் பற்றி ஒரு வரி. தாள் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவையே வைத்துக்கொள்கின்றன. நடுப்பகலில் நம் முற்றத்தில் நேராக விழும் வெயில் ஒரு லட்சம் லக்ஸ்வரை போகும். எளிதில் வெளுக்காத கரி மையால் அச்சிட்ட கறுப்புப் படங்களை வளவில் வைத்து, வண்ணமுள்ளவற்றை இரண்டாம் கட்டின் நிழலுக்குக் கொண்டுபோனேன். இதில் கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியது அவர் வேலையும் இல்லை.

கண்ணாடி சுமார். உள்ளே தூசியோ முடியோ மாட்டிக்கொண்டவை சில இருந்தன. கடை வாசல் தெருப்புழுதியில் திறந்து கிடக்கும்போது வேறென்ன நடக்கும்? வாங்கும்போதே ஒவ்வொன்றையும் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், அங்கேயே பிரித்துத் துடைத்துத் தருவார். பின்பக்கத்தைப் பழுப்புத் தாள் ஒட்டி அடைப்பது நேர்த்தி. கீழ் மூலைகளில் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றுப் போகத் தக்கைத் துண்டு வைக்கச் சொன்னதை ஒன்றிலும் மறக்கவில்லை.

விலை: பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலப் படத்துக்குப் பழைய தேக்குச் சட்டம், கண்ணாடி, பின்பலகை எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய், அட்டை என்னுடையது. மாட்டித் தர வந்த கூலி தனி. கம்பளியில் சுற்றி மினி வேனில் கொண்டுவந்தார்கள், ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

போகிறவர்கள் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். கையெழுத்தும் எண்ணும் தெரிய வேண்டும் என்பதை வாயால் சொல்வதோடு விடாமல், சாளர அளவைத் தாளில் வரைந்து கொடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடை அடைத்திருக்கும். தை, ஆவணி முகூர்த்தக் காலத்தில் வேலை கொடுக்கவே கொடுக்காதீர்கள்: கல்யாண போட்டோக்களுக்கு அடியில் உங்கள் எச்சிங் சிக்கிக்கொள்ளும், பையன் செல்லோடேப்பை எடுத்துவிடுவான்.